வாய்க்காலில் பழகியவர்களும் வேனில் போகிறவர்களும்: நெல்லைச் சீமையின் இரண்டு பிள்ளை வளர்ப்புகள்

ஆற்றுப் பக்கமே போகாதே என்று பிள்ளையைத் தடுப்பதும், ஆற்றில் இறக்கி நீச்சல் பழக்கிவிடுவதும், பிள்ளை தண்ணீரில் மூழ்கிவிடக் கூடாது என்ற ஒரே பயத்திலிருந்து வருபவைதான். தாமிரபரணிக் கரை ஊர்களில் 1970களிலும் 80களிலும் பிள்ளை வளர்த்தவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியில் போனார்கள். அப்படி வளர்ந்தவர்களே பெற்றோராகவும் தாத்தா ஆச்சியாகவும் ஆனபோது முதல் வழிக்கு வந்துவிட்டார்கள். அந்தக் காலத்தவர்களுக்குப் பாசம் குறைவு என்றோ, இந்தக் காலத்தவர்களுக்குத் தைரியம் குறைவு என்றோ பேசுவதில் பயனில்லை. ஆபத்தைக் கையாளப் பழக்குவது ஒரு வகைப் பாதுகாப்பு, ஆபத்து இருக்கும் இடத்துக்கே விடாமல் வைத்திருப்பது இன்னொரு வகைப் பாதுகாப்பு. இவ்விரண்டையும் நம் ஊர் வழக்கங்களை வைத்தே எடைபோட்டுப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். என் சாய்வையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பழைய வளர்ப்பில் பாதிக்கு மேல் திரும்பி வரவே கூடாது, ஆனால் மிச்சத்தையும் சேர்த்து நாம் கைவிட்டது பெரிய இழப்பு.

நீச்சலிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பழைய வளர்ப்பின் நல்ல பக்கம் முழுவதும் அதில் தெரிகிறது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வட்டாரத்தில் யாரும் எடுத்த எடுப்பில் பிள்ளையை ஆற்றில் இறக்கிவிடவில்லை. கார் சாகுபடிக்கோ பிசானத்துக்கோ கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டதும், இடுப்பளவு ஓடும் சிறு வாய்க்கால்களில்தான் பழக்கம் தொடங்கும். மட்டை உரிக்காத நெற்றுத் தேங்காய் இரண்டைக் கயிற்றால் பிணைத்து, அந்தக் கயிற்றின் மேல் பிள்ளையின் நெஞ்சு படும்படி கிடத்தி, சித்தப்பாவோ அண்ணனோ அடிவயிற்றுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்குவார்கள். காலை அடிக்கத் தெரிந்ததும் தேங்காயை எடுத்துவிடுவார்கள். கை மட்டும் இருக்கும். பிறகு ஒரு நாள் அந்தக் கையும் சொல்லாமல் விலகிவிடும். ஆற்றுக்குப் போவது அதற்குப் பிறகுதான், அதுவும் பெரிய பையன்களோடுதான்.

இதோடு சேர்த்துச் சில செய்திகளும் பிள்ளையின் காதில் ஏறிக்கொண்டே இருந்தன. மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் உள்ளே இழுக்கும். தெளிந்து ஓடிய தண்ணீர் திடீரெனக் கலங்கி வந்தால் மேற்கே மலையில் மழை பெய்கிறது, உடனே கரையேற வேண்டும். எந்தத் துறையில் எவ்வளவு தூரத்தில் கசம் (ஆழமான பள்ளம்) கிடக்கிறது, எந்தப் பாறையிலிருந்து குதிக்கலாம், எதிலிருந்து குதிக்கக் கூடாது என்பதெல்லாம் எட்டு வயதுக்குள் மனப்பாடமாகியிருக்கும். அத்தனையிலும் தடை உண்டு, ஆனால் ஒவ்வொரு தடையும் எங்கே, எப்போது, ஏன் என்ற விவரத்தோடு வந்தது. அப்படியும் பிள்ளைகள் தண்ணீரில் மூழ்கிப் போனார்கள். ஆற்றங்கரையில் எந்த ஊரிலும் அப்படிப் பறிகொடுத்த ஒரு குடும்பத்தின் கதை இல்லாமல் இருக்காது. பழைய காலத்தைப் புகழ்கிறவர்கள் அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

இன்றைய பெற்றோர் தடுப்பதற்கும் வலுவான காரணம் இருக்கிறது. ஆறு பழைய ஆறாக இல்லை. மணல் அள்ளியதால் ஆற்றின் அடித்தரையே மாறிப்போனது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010-இல் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதிக்கும் அளவுக்கு நிலைமை போயிற்று. அள்ளிய குழிகள் எங்கே இருக்கின்றன என்பது அந்தத் துறையிலேயே குளித்து வளர்ந்த தாத்தாவுக்கும் தெரியாது. அவர் கற்று வைத்திருந்த கசத்தின் வரைபடம் செல்லாமல் போய்விட்டது. நகரத்தை ஒட்டிய துறைகளில் சாக்கடை கலக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தைப் பார்த்த ஒரு தாய், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு படித்துறைக்குப் போகவே தயங்கினால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் தடை விதித்ததோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் சிக்கல். நீச்சல் தெரியாத ஒருவன் பதினேழு வயதில், பெற்றோருக்குத் தெரியாமல், தன்னைப் போலவே நீச்சல் தெரியாத நண்பர்களோடு ஒரு விடுமுறை நாளில் தண்ணீரில் இறங்குவான். அவனுக்கு மதகும் தெரியாது, கலங்கல் தண்ணீரும் தெரியாது. ஆற்றில் பழக்க முடியாவிட்டால் குளத்திலோ நீச்சல் குளத்திலோ, தெரிந்த ஒருவரை வைத்துப் பழக்கலாம்; பழைய முறையின் சாரம் ஆற்றில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விலக்குவதில் இருந்தது. இந்த ஒன்றில் பழைய வளர்ப்பே மேல் என்று தயக்கமில்லாமல் சொல்வேன்.

பள்ளிக்குப் போகிற வழியில் தீர்ப்பு இவ்வளவு எளிதாக இல்லை. முன்பு பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் பிள்ளைகள் கூட்டமாக நடந்தே பள்ளிக்குப் போனார்கள். கிராமத்துப் பிள்ளைகள் வரப்பிலும் ரோட்டோரத்திலும் மைல் கணக்கில் நடந்தார்கள். இன்று வீட்டு வாசலில் வேன் ஏறுகிறவர்கள் பள்ளி வாசலில்தான் இறங்குகிறார்கள். இது நம் ஊரில் மட்டும் நடந்த மாற்றம் இல்லை. இங்கிலாந்தில் 1971-இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள் என்றும், 1990-இல் அது 9 விழுக்காடாகச் சுருங்கிவிட்டது என்றும் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் கண்டார்கள். நம் பக்கம் அந்த மாற்றம் சற்றுத் தாமதமாக, வேனும் இருசக்கர வண்டியும் பெருகியபோது வந்து சேர்ந்தது.

இதைப் பற்றி எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்த பேச்சைக் கேட்டேன். பேரனை முக்குக் கடைக்கு அனுப்பிக் கருவேப்பிலை வாங்கிவரச் சொன்னால் மருமகள் விடவில்லை. "இந்த வயசுல ஒன் மாப்பிள்ளை தனியாப் போயி ரேசன் கடையில வரிசையில நின்னு மண்ணெண்ணெய் வாங்கிட்டு வருவான்" என்றார் ஆச்சி. "அன்னைக்கு இந்த ரோட்டுல இம்புட்டு வண்டி ஏது அத்தை? அவன் கடக்கிறதுக்குள்ள நாலு பைக்கு வந்துருது" என்றார் மருமகள். இருவர் சொன்னதும் உண்மை. உலகளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் சாலை விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த மருமகளின் பயம் கற்பனையில் முளைத்ததில்லை. ஆனால் அந்த வண்டிகளில் ஒரு பங்கு, பிள்ளைகளைப் பள்ளியில் விடப் போகும் நம்முடைய வண்டிகள்தான். காலை எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் நின்று பார்த்தால் தெரியும்: ஒவ்வொருவரும் தன் பிள்ளையைப் பத்திரமாக இறக்கிவிட முண்டுவதால்தான், நடந்து வரும் இரண்டொரு பிள்ளைகளுக்கு அந்த இடம் ஆபத்தாகிறது.

அந்த ஆச்சி சொல்லாமல் விட்ட ஒன்றும் உண்டு. ரேசன் கடைக்குத் தனியாகப் போன அந்தப் பையன் உண்மையில் தனியாகப் போகவில்லை. திண்ணையில் தாத்தாக்கள் இருந்தார்கள். நடையில் உட்கார்ந்து பெண்கள் பீடி சுற்றினார்கள். கடை அண்ணாச்சிக்கு அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். "ஏல, எங்க போற? ஒங்கய்யாகிட்ட சொல்லுதேன் இரு" என்று கேட்கப் பத்து வாய் இருந்தது. பெற்றோர் கவலையில்லாமல் இருந்ததற்குக் காரணம், கவலையைத் தெரு பங்கிட்டுக்கொண்டதுதான். திண்ணையை இடித்து கேட் போட்ட பிறகு அந்தக் காவல் முழுவதும் ஒரு தாயின் தலையிலும் தகப்பனின் தலையிலும் வந்து விழுந்துவிட்டது. கையில் ஒரு செல்போனை வைத்துக்கொண்டு, ஒரு தெரு செய்த வேலையை அவர்கள் இரண்டு பேராகச் செய்யப் பார்க்கிறார்கள். இன்றைய பெற்றோரின் பதற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சுமையைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

அதே தெருவின் கண்கள் வேறொரு வேலையும் செய்தன என்பதை மறைத்துவிட்டு அதைப் புகழவும் கூடாது. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததால் காப்பாற்றினார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்ததால்தான், சாதி பார்த்து, சில தெருக்களில் நுழைய விடாமல் நிறுத்தவும் செய்தார்கள். ஊர் முழுக்கச் சுற்றித் திரிந்தோம் என்று சொல்கிறவர், எந்தத் தெருக்களில் சுற்றினார், எவை அவருக்கும் அவருடைய வகுப்புத் தோழனுக்கும் மூடியிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் இது பழங்கதை ஆகிவிடவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியதாகப் பிடிபட்டவர்களும் பள்ளி மாணவர்களே. மாணவர்களிடையே சாதி வேற்றுமையைத் தவிர்க்க வழி சொல்ல, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்ததும் அதன் பிறகுதான். இப்படி ஒரு ஊரில் பிள்ளையை வெளியே அனுப்பப் பயப்படுகிற பெற்றோரை 'ஓவரா பயப்படுறாங்க' என்று ஒதுக்கிவிடுவது கொடுமை.

பெண் பிள்ளைகளின் பக்கம் திரும்பினால் பழைய சுதந்திரம் என்பதே பாதியாகிவிடுகிறது. வாய்க்காலும் பம்பரமும் செல்லாங்குச்சியும் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளின் நினைவுகள். பெண் பிள்ளைகளும் பத்துப் பன்னிரண்டு வயதுவரை ஆற்றில் நீந்தியவர்கள்தான். பெரிய மனுஷி ஆனதும் ஆறு நின்றது, பல வீடுகளில் பள்ளிக்கூடமும் நின்றது. அதன் பிறகு அவளுக்குக் கிடைத்தது தம்பி தங்கையை இடுப்பில் சுமக்கும் பொறுப்பும், சொளவை (முறத்தை) மடியில் வைத்துப் பீடி சுற்றும் வேலையும். முக்கூடல், மேலப்பாளையம், வீரவநல்லூர்ப் பக்கம் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள்கூடச் சாயங்காலம் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடியின் முனை மடக்கிக் கொடுத்தார்கள். சிறு வயதிலேயே பொறுப்பு வந்ததாக அதைப் பெருமையாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். வறுமை பிடுங்கிக்கொண்ட குழந்தைப் பருவத்துக்குப் பொறுப்பு என்று பெயர் வைக்க நான் ஒப்பமாட்டேன். இன்றைய தாய் தன் மகளைக் கல்லூரி முடியும்வரை பொத்திப் பொத்தி வளர்த்தாலும், அந்தப் பொத்தி வளர்ப்பதற்குள் ஒரு படிப்பு இருக்கிறது. இந்த இடத்தில் இன்றைய வளர்ப்பே மேல்.

அடியைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. 'கண்ணை விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்' என்று வாத்தியாரிடம் ஒப்படைத்த வழக்கம் ஒழிந்ததே நல்லது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. உறவினர் ஒருவர் தவறாகத் தொட்டால் 'வெளியே சொல்லாதே' என்று அமுக்கிய காலமும் அதுதான். 2012-இல் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்து, இன்று ஒரு பிள்ளை உதவி கேட்டு 1098-க்கு அழைக்கலாம் என்று பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறது.

பெற்றோர் இவ்வளவு இறுகப் பிடித்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1971-இல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 2020-இல் அது 28, தமிழ்நாட்டில் 13. சாவைப் பார்த்துப் பழகிய வீடுகளில், கொடுத்தவனே எடுத்துக்கொண்டான் என்று தேற்றிக்கொள்ள ஒரு மொழி இருந்தது, அடுத்த பிள்ளையும் இருந்தது. இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள்தான் என்கிறது 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு. ஒன்றோ இரண்டோ வைத்திருப்பவர்களிடம் ஆறு பெற்றவர்களின் மனத்துணிவை எதிர்பார்ப்பது பொருந்தாத எதிர்பார்ப்பு.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் என்னை உறுத்துவது, ஆபத்தே இல்லாத இடங்களிலும் நாம் கையை விலக்காமல் இருப்பதுதான். பத்து வயதுப் பிள்ளைக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறோம். வீட்டுப்பாடம் என்ன என்று அவன் குறித்துக்கொண்டு வர வேண்டியதில்லை, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. இரண்டு பிள்ளைகள் பென்சிலுக்குச் சண்டை போட்டால், அவர்கள் மறுநாள் காலையில் சமாதானமாவதற்குள் இரண்டு தாய்மாரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். கோலி விளையாட்டில் யார் அழுகுணி ஆடினார் என்பதைப் பிள்ளைகளே கூடிப் பேசித் தீர்த்த தெருவில் பெரியவர்கள் தலையிடாததற்குப் பெரும்பாலும் நேரமின்மைதான் காரணம். ஆனாலும் விட்டுக்கொடுக்கவும் விடாமல் நிற்கவும் பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள். பயமுறுத்தும் ஒன்றைத் தவிர்த்துக்கொண்டே போனால் பயம் வளரும் என்பது மனநல மருத்துவத்தின் அரிச்சுவடி. பேருந்தில் தனியாக ஏறியே பழகாத பிள்ளையைப் பதினெட்டு வயதில் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ விடுதியில் கொண்டுபோய் விடுகிறோம். முதல் மாதம் அவன் அழுதுகொண்டே போன் செய்தால் காரணம் அந்த விடுதி மட்டுமில்லை.

வெயிலில் விடாமல் வைத்திருப்பதன் விலை கண்ணிலும் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில் போதிய நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பது மருத்துவர்கள் உறுதி செய்த செய்தி. தைவானில் பள்ளிப் பிள்ளைகளை நாள்தோறும் 120 நிமிடம் வெளியே விடச் சொல்லி 2010 முதல் ஒரு திட்டமே நடக்கிறது. வெயிலுக்குக் குறைவே இல்லாத நம் ஊரில் மூன்றாம் வகுப்பிலேயே கண்ணாடி போட்ட பிள்ளைகளைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே எதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று கேட்டால், நான் நடையைத்தான் முதலில் சொல்வேன், அதிலும் பெண் பிள்ளைகளையும் சேர்த்து. ஆனால் ஒரு வீடு மட்டும் துணிந்து பயனில்லை. தனியாக நடந்து போகும் பிள்ளையைப் பார்த்ததும் 'என்னம்மா, தனியா விட்டுட்டீங்க' என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள், அந்தத் தாய் மறுநாளே வேனுக்குப் பணம் கட்டிவிடுவார். ஒரே பள்ளிக்குப் போகும் ஏழெட்டு வீட்டார், சாதி பார்க்காமல், கூடிப் பேசிப் பிள்ளைகளை ஒன்றாக நடக்கவிட்டால் கூட்டமே காவலாகிவிடும். பெரிய ரோட்டைக் கடக்கும் இடத்தில் மட்டும் காலையிலும் மாலையிலும் ஒரு பெரியவர் முறைபோட்டு நிற்க வேண்டும். ஓய்வு பெற்ற தாத்தாக்கள் நம் எல்லாத் தெருக்களிலும் இருக்கிறார்கள். கேட்டால் மாட்டேன் என்று சொல்லக்கூடியவர்களும் இல்லை. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கு முன்பே கேட்டு வைத்துவிட்டால், வேனுக்கு முன்பணம் கட்டுவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம்.