“பண்ணைப் பதிப்பு” என்று விற்கப்படும் கணக்கு மென்பொருள்: பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டோங்காட்டை அடுத்த எங்கள் குடும்பப் பண்ணையில் கரும்பு, காய்கறி, சில மாடுகள் இருக்கின்றன. நிலத்தை மாமனார் பார்த்துக்கொள்கிறார்; வரவு செலவுக் கணக்கு என் பொறுப்பு. டர்பனில் உள்ள ஒரு நிறுவனம் “பண்ணைப் பதிப்பு” என்ற பெயரில் விற்ற கணக்கு மென்பொருளுக்கும், அதை எங்கள் தேவைக்கேற்ப மாற்றித் தருவதற்கும் சேர்த்து 18,500 ராண்ட் கொடுத்தோம். மாதச் சந்தா தனி. விவகாரம் இன்னும் முடியாததால் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அதே ஆட்கள் இப்போது வெருலம், ஸ்டாங்கர் பக்கத்து விவசாயிகளையும் சந்தித்து வருவதாகக் கேள்விப்பட்டதால், நடந்ததை எழுதிவைக்கிறேன்.

விற்பனைக்கு வந்த இளைஞர் மடிக்கணினியில் ஒரு மாதிரிப் பண்ணையைக் காட்டினார். டிராக்டர் படம் போட்ட முகப்பும், வண்ண வண்ண வரைபடங்களும் பார்க்க நன்றாகவே இருந்தன. “உங்களுக்கு என்ன வேண்டுமோ சொல்லுங்கள் அங்கிள், எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்துவிடுவோம்” என்று மாமனாரிடம் உறுதி சொன்னார். கரும்பாலைப் பட்டுவாடா, சந்தைக் கமிஷன், கால்நடைக் கணக்கு, டீசல் பதிவேடு, வாட் வரி என்று வேண்டியவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்தோம். அதன் அடியில் அவர் கையொப்பமும் இட்டார். அந்தத் தாள்தான் இன்று எங்கள் கையில் உள்ள ஒரே ஆயுதம்.

வந்து சேர்ந்ததோ சில்லறைக் கடைகளுக்காக எழுதப்பட்ட மென்பொருள். “சரக்கு” என்று இருந்த இடத்தில் “விளைச்சல்” என்றும், “வாடிக்கையாளர்” என்று இருந்த இடத்தில் “ஆலை” என்றும் பெயரை மாற்றியிருந்தார்களே தவிர, உள்ளே இருந்த கணக்கு முறையில் கை வைக்கவே இல்லை. கடையில் எந்தச் சரக்கும் வாங்கிய பிறகுதான் விற்கப்படும். எனவே கொள்முதல் பதிவு இல்லாத எதையும் அந்த மென்பொருளுக்குத் தெரியாது. ஆலைக்கு முதல் லோடு கரும்பு போன மறுநாள் திரையில் “கரும்பு: மைனஸ் 28 டன்” என்று சிவப்பு எழுத்தில் வந்தது. அடுத்தடுத்த லோடுகளில் அந்த மைனஸ் வளர்ந்துகொண்டே போனது. பசு கன்று ஈன்றபோது அதைக் கணக்கில் சேர்க்க வழியே இல்லை. “விற்றவர் பெயர்” என்ற கட்டத்தை நிரப்பாமல் திரை நகரவில்லை. உதவிக்கு அழைத்தால், “ஏதாவது ஒரு சப்ளையர் பெயரைப் போட்டு 1 ராண்டுக்கு வாங்கியதாக எழுதிவிடுங்கள்” என்று பதில் வந்தது. பொய்க் கொள்முதலைப் பதியச் சொல்லும் இந்த யோசனைக்கும் சந்தா கட்டிக்கொண்டிருந்தோம்.

வருமான வரிச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, ஆண்டு முடிவில் கைவசம் உள்ள கால்நடைகளைத் தலை எண்ணி, நிர்ணயிக்கப்பட்ட மதிப்பில் காட்ட வேண்டும்: பசுவுக்கு 40 ராண்ட், கன்றுக்கு 4 ராண்ட். (இன்றைய சந்தையில் அந்த 40 ராண்டுக்கு ஒரு மூட்டைத் தீவனம்கூட வராது, இருந்தாலும் சட்டத்தில் உள்ள மதிப்பு அதுதான்.) அறுவடை செய்து வைத்திருக்கும் விளைச்சல் இருப்பில் சேரும், வயலில் நிற்கும் பயிர் சேராது. பிறப்பு, இறப்பு, வீட்டு உபயோகத்துக்கு அடித்தது ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பதிவு இல்லாத மென்பொருளைப் பண்ணைக்கு உரியது என்று விற்பதே தவறு.

எங்களுக்கு உண்மையான நட்டம் வந்தது வாட் கணக்கில். பச்சைக் காய்கறிக்கு வாட் பூஜ்ய விகிதம்; அதாவது வாங்குபவரிடம் வரி வசூலிக்க வேண்டியதில்லை, ஆனால் அதை விளைவிக்க நாம் வாங்கிய பொருள்களுக்குக் கட்டிய வரியைத் திரும்பக் கோரலாம். “விலக்கு” என்பது வேறு. அதில் கட்டிய வரி திரும்பி வராது. இந்த மென்பொருளில் 15 சதவீதம், விலக்கு என்று இரண்டே குறியீடுகள்தான் இருந்தன. ஆகவே எங்கள் மிளகாயும் பீன்ஸும் விலக்கில் போய் விழுந்தன. மறுபக்கம், வாட் பதிவு பெற்ற விவசாயி பயிருக்காக வாங்கும் உரம், விதை, பூச்சிமருந்து, கால்நடைத் தீவனம் ஆகியவை உரிய நிபந்தனைகளின்படி பூஜ்ய விகிதத்தில் கிடைக்கின்றன. மென்பொருளோ ஒவ்வொரு கொள்முதல் பில்லிலிருந்தும் 115இல் 15 பங்கைத் தானாகப் பிரித்து, கட்டாத வரியைக் கட்டியதாகக் காட்டியது. ஒரு பக்கம் நமக்கு வர வேண்டியதை விட்டுவிட்டு, மறுபக்கம் வரக்கூடாததைக் கேட்கும் படிவம் தயாராகியிருந்தது. அதை அனுப்புவதற்கு முன் எங்கள் கணக்காளர் பில்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டிராவிட்டால், சார்ஸ் என்ற வரித்துறை அலுவலகத்துக்கு அபராதமும் வட்டியும் கட்டியிருப்போம்.

சந்தைப் பணத்திலும் இதே கோளாறுதான். டர்பன் மொத்தச் சந்தையின் ஏஜெண்டு, விற்ற தொகையிலிருந்து கமிஷனையும் சந்தைக் கட்டணத்தையும் அவற்றின் மீதான வாட்டையும் கழித்துக்கொண்டு மீதியை வங்கியில் போடுவார். வருமானமாக எழுத வேண்டியது முழு விற்பனைத் தொகை. கமிஷன் செலவாகப் போக வேண்டும், அதன் மீதான வாட்டைக் கோர வேண்டும். மென்பொருள் வங்கியில் வந்த தொகையையே விற்பனையாக எடுத்துக்கொண்டது. கரும்பிலும் இப்படியே: ஆலை எடையை மட்டும் பார்த்துப் பணம் தருவதில்லை, கரும்பிலிருந்து எடுக்கக்கூடிய சர்க்கரையின் மதிப்பைக் கணக்கிட்டுத் தருகிறது, பருவத்தின் நடுவே தருவது தற்காலிக விலை, இறுதி விலை பின்னால் வரும், வித்தியாசம் பிறகு சரிக்கட்டப்படும். ஒருமுறை இன்வாய்ஸ் போட்டால் மூடிவிடும் மென்பொருளில் அந்த வித்தியாசத்துக்கு இடமே இல்லை. டீசல் பதிவேடு என்று கொடுத்ததில் லிட்டருக்கான கட்டம்கூட இல்லை. எந்த டிராக்டர், எந்த வேலை, எத்தனை லிட்டர் என்ற பதிவு இல்லாமல் பண்ணை வேலைக்குச் செலவான டீசலின் வரியைத் திருப்பித் தரக் கோரினால் அந்தக் கோரிக்கை நிற்காது.

சந்தாவை நிறுத்தப்போவதாகச் சொன்ன பிறகுதான் அடுத்த சங்கதி தெரிந்தது. பதிவுகள் அனைத்தும் அவர்கள் சர்வரில் இருந்தன. அவற்றை எக்செல் கோப்பாகத் தர தனிக் கட்டணம் கேட்டார்கள், சந்தா நின்றால் பார்க்கவும் முடியாது என்றார்கள். வரிக் கணக்குக்கு ஆதாரமான பதிவுகளைப் படிவம் அனுப்பிய நாளிலிருந்து 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய கடமை நம்முடையது, அவர்களுடையது அல்ல. வேறு வழியின்றிப் பேரேட்டைப் பக்கம் பக்கமாக அச்செடுத்துத் திரும்பவும் தட்டச்சு செய்தோம்.

இப்போது கணக்காளரே தலைப்புகளை அமைத்துக் கொடுத்த ஒரு பொதுவான மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். சேஜ், சீரோ போன்றவற்றில் பூஜ்ய விகிதமும் விலக்கும் தனித்தனிக் குறியீடுகளாக இருக்கின்றன. கால்நடை எண்ணிக்கைக்கும் டீசலுக்கும் ஓர் எக்செல் தாள் போதுமானதாக இருக்கிறது. பண்ணைக்கென்று தனியாக ஒன்றை வாங்கத்தான் வேண்டும் என்றால், அவர்கள் கொண்டுவரும் மாதிரிப் பண்ணையைப் பார்க்காதீர்கள். உங்களுடைய ஒரு சந்தைப் பட்டியலையும், ஓர் ஆலைப் பட்டுவாடாச் சீட்டையும், ஓர் உரப் பில்லையும் கொடுத்து உங்கள் கண்முன்னே பதியச் சொல்லுங்கள். ஒரு கன்றின் பிறப்பையும் பதியச் சொல்லுங்கள். பிறகு எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, தரமற்ற சேவையைச் சரிசெய்யவோ உரிய பகுதியைத் திருப்பித் தரவோ கோரும் உரிமையைத் தருகிறது. அதைக் குறிப்பிட்டு, 14 நாள் அவகாசத்துடன் கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம். புதிய பதிப்புக்குத் தள்ளுபடி தருவதாக மட்டும் பதில் வந்தது. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதிடக்கூடிய சிறு உரிமை வழக்கு நீதிமன்றத்தில் 20,000 ராண்ட் வரைதான் கோரலாம் என்பதால், அதற்கு மேற்பட்ட சந்தாத் தொகையை விட்டுக்கொடுத்து மனு தயாரித்து வருகிறோம். இதே “பண்ணைப் பதிப்பை” வாங்கியவர்கள், அவர்கள் கொடுத்த விலைப்பட்டியலையும் வாக்குறுதித் தாளையும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு எங்களுக்குத் தெரிவித்தால், மனுவோடு அவற்றையும் இணைக்க விரும்புகிறோம்.