ஸ்கிரீன்ஷாட்டை நம்பி மூடில் பராமரிப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்

எங்கள் பயிற்சி நிறுவனத்தின் இணையவழி வகுப்புகள் மூடில் மென்பொருளில் நடக்கின்றன. அதை நிறுவித் தந்து, ஆண்டு ஒப்பந்தத்தின் பேரில் பராமரித்துவந்த நிறுவனம், மென்பொருளை, கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் என்ற கருவி வழியாக நிர்வகிப்பதாகவும் பாதுகாப்புத் திருத்தங்களை உடனுக்குடன் சேர்த்துவிடுவதாகவும் எழுதிக் கொடுத்திருந்தது. முறையில் குற்றம் இல்லை. மூடிலின் ஆவணங்களே நிர்வாகிகளுக்கு இந்த வழியை விளக்குகின்றன. ஜிப் கோப்பைப் பழைய கோப்புகளின் மேல் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். அந்த முறையின் பெயரால் எங்களிடம் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாதாமாதம் பில்லுடன் ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். அதில், புதிய மாற்றங்களை இழுத்துவரும் ‘கிட் புல்’ என்ற கட்டளையும், அதன் கீழே ‘ஆல்ரெடி அப் டு டேட்’ (ஏற்கெனவே புதுப்பித்த நிலையில்தான் உள்ளது) என்ற பதிலும் இருக்கும். பதிலில் பொய் இல்லை. ஆனால் எங்கள் தளம் நின்றிருந்த கிளை, அதாவது ஒரு பதிப்புக்கான கோப்புத் தொடர், ‘மூடில்_39_ஸ்டேபிள்’. 2020 ஜூனில் வெளியான 3.9 பதிப்புக்கான பாதுகாப்பு ஆதரவு 2023 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. திருத்தமே வராத கிளையில் எத்தனை முறை கட்டளை இட்டாலும் இதே பதில்தான் வரும். ஏனெனில், கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் தொலைவிலுள்ள களஞ்சியத்தில் புதிதாக ஏதும் இருக்கிறதா என்பதை மட்டுமே கிட் பார்க்கிறது. அந்தப் பதிப்புக்கு இன்னும் ஆதரவு உண்டா என்பதைப் பார்ப்பது பணம் வாங்குகிறவரின் வேலை.

ஒப்பந்தம் முடியும் தறுவாயில் வெளியிலிருந்து ஒரு சர்வர் நிர்வாகியை அழைத்துக் காட்டினோம். கோப்புகள் எங்கிருந்து வருகின்றன என்று காட்டும் ‘கிட் ரிமோட் -வி’ கட்டளைக்குக் கிடைத்த முகவரி மூடிலுடையதாக இல்லை; அந்த நிறுவனத்தின் சொந்தக் களஞ்சியத்துக்குரியதாக இருந்தது. தன் பையைத் தானே தடவிப் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்றும் வரவில்லை என்று சொல்வதற்கு மாதக் கட்டணம்! இன்னும் பதிவாகாத மாற்றங்களைக் காட்டும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கட்டளை எதையும் காட்டவில்லை; மூடிலின் மூலக் கோப்புகளில் செய்த திருத்தங்களையெல்லாம் தங்கள் களஞ்சியத்திலேயே கமிட் செய்து (பதிவாக்கி) வைத்திருந்தார்கள். மூடிலின் களஞ்சியத்தை இன்னொரு ரிமோட்டாக, அதாவது தொலைக் களஞ்சியமாகச் சேர்த்து, இரண்டையும் ஒப்பிடும் ‘கிட் டிஃப்’ கட்டளையை இட்டுப் பார்த்தபோதுதான், உள்நுழைவுப் பக்கத்திலும் மதிப்பெண் பதிவேட்டிலும் கைவைத்திருந்தது தெரிந்தது. மூலக் கோப்புகளைத் தொடாமல் தனிச் செருகுநிரலாக (பிளகின்) எழுதியிருக்க வேண்டிய வேலை அது.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாற்ற வரலாறு முழுவதும் இருக்கும் கிட் கோப்புறை இணையத்தில் எவரும் திறந்து படிக்கும்படி கிடந்ததைப் பொறுக்க முடியாது. தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் கான்ஃபிக் கோப்பைக் களஞ்சியத்தில் சேராதபடி மூடில் இயல்பாகவே விலக்கிவைக்கிறது; அதையும் வலிந்து சேர்த்திருந்தார்கள். அடுத்த கமிட்டில் கோப்பை நீக்கினாலும் பழைய வரலாற்றில் கடவுச்சொல் அப்படியே இருக்கும் என்பதால், அன்றே அதை மாற்றி, அந்தக் கோப்புறையை வெளியிலிருந்து அணுக முடியாதபடி வெப் சர்வரில் தடை போட்டோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘புல்’ செய்வது மட்டுமே பராமரிப்பில் அடங்கும், பதிப்பு உயர்த்துவதற்குத் தனிக் கட்டணம் என்று பதில் வந்தது. பாதுகாப்புத் திருத்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததைச் சுட்டிக்காட்டியபின் பதிலே இல்லை. 4.5 பதிப்புக்குச் செல்ல, தளம் முதலில் 4.1.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் இருக்க வேண்டும், மூடிலை இயக்கும் பிஎச்பி மொழியின் 8.1 பதிப்பாவது வேண்டும். ஆகவே இப்போது வேறொருவரைக் கொண்டு, பழைய நிறுவனம் மூலக் கோப்புகளில் செய்திருந்த மாற்றங்களைக் களைந்து, இரண்டு கட்டமாக உயர்த்திக்கொண்டிருக்கிறோம்.

இதுபோன்ற பராமரிப்புக்குப் பணம் கொடுப்பவர்கள், தள நிர்வாகத்தில் ‘அறிவிப்புகள்’ பக்கத்தின் அடியில் தெரியும் பதிப்பு எண்ணையும் அருகிலுள்ள பில்ட் தேதியையும் (அந்த வெளியீடு உருவான தேதி) தாங்களே பார்க்க வேண்டும். கட்டளை எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. ரிமோட் முகவரி, கிளையின் பெயர், கடைசிக் கமிட்டின் தேதி ஆகிய மூன்றும் பில்லிலேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். புதிய ஒப்பந்தத்தில் நாங்கள் அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.