இரண்டு சாரல் பருவங்களுக்குப் பிறகு: ட்ரோனில் டைம்லாப்ஸ் எடுத்த அனுபவம்

காற்றில் தரையிறக்கும்போது வரப்பில் சாய்ந்து, கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் உடைந்த என் ட்ரோன், பழுது நீங்கிச் சென்ற வாரம்தான் கைக்கு வந்தது. அதே நாளில் என் மைத்துனர், டைம்லாப்ஸ் (இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டும் காணொளி) எடுப்பதற்காகவே இப்படியொன்றை வாங்கலாமா என்று கேட்டார். 249 கிராம் எடையுள்ள மடக்கு ட்ரோனின் பொதுவான விவரங்களை அனைவரும் அறிவீர்கள் என்பதால், அவரிடம் சொன்ன ஒரே குறையை, அதாவது காற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்காசிப் பக்கம் இறங்கும் காற்று, மேகங்களை மலைமுகட்டில் உருட்டிக்கொண்டு வருகிறது. படம் பிடிக்க வேண்டிய காட்சியும் அதுதான். படத்தைக் கெடுப்பதும் அதே காற்றுதான். நொடிக்கு 10.7 மீட்டர் வேகக் காற்று வரை தாங்கும் என்ற தயாரிப்பாளரின் உறுதிமொழி பொய்யில்லை, ட்ரோன் ஒருநாளும் அடித்துச் செல்லப்பட்டதில்லை. ஆனால் 2 நொடிக்கு ஒரு படம் என எடுத்து, நொடிக்கு 25 படங்களாக ஓட்டும்போது காலம் 50 மடங்கு சுருங்குகிறது. அரை நிமிடம் மெல்ல விலகி மெல்லத் திரும்பிய ட்ரோன், காணொளியில் அலைமேல் நிற்கும் தோணியைப் போல ஆடுகிறது. பத்து நொடிக் காட்சிக்கு 250 படங்கள், அதாவது 8 நிமிடம் 20 நொடி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். காற்றோடு போராடும் பேட்டரி அப்படி இரண்டு முயற்சிகளுக்கு மேல் இடம் கொடுப்பதில்லை.

முதல் பருவம் முழுவதையும் நான் தவறான அமைப்புகளால் இழந்தேன். எக்ஸ்போஷரையும் (ஒளியளவு) வொயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) தானியங்கியில் விட்டதால், ஒவ்வொரு மேகம் கடக்கும்போதும் காட்சி மினுக்கியது. பறக்கவிடும் முன்பே இரண்டையும் பூட்டிவிடுங்கள். ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் மாட்டி, ஷட்டரை 1 நொடி திறந்திருக்கும்படி வைப்பதே முறை என்பார்கள். காற்றில்லாத நாளில் அது அழகுதான், சாரல் காற்றிலோ பாதிப் படங்கள் கலங்கிவிடுகின்றன. எனவே அந்த விதியைக் கைவிட்டு, வேகமான ஷட்டரிலேயே எடுக்கிறேன். அருகிலுள்ள தென்னந்தலைகள் படச்சட்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் ஆட்டம் பெரிதும் மறைகிறது; ஏனெனில் ட்ரோனின் சிறு இடப்பெயர்ச்சி கிட்டத்துப் பொருளில் தெரிவதுபோல் தொலைவிலுள்ள மலையில் தெரிவதில்லை. தனித்தனிப் படங்களையும் சேமிக்கும் அமைப்பை மறக்காமல் இயக்கி வையுங்கள். கருவி தானே தொகுத்துத் தரும் காணொளியைவிடக் கணினியில் நிலைப்படுத்தியது எனக்கு எப்போதும் மேலாகவே அமைந்தது.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரையிலான நானோ வகைக்கு விமானிச் சான்றிதழ் தேவையில்லை. ஆயினும் பறக்கும் இடம் முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலமா என்று ஒவ்வொரு முறையும் அரசின் ட்ரோன் வரைபடத்தில் பார்க்க வேண்டும்.

இவ்வளவு எரிச்சலுக்கும் ஈடாக ஒரு காட்சி கிடைத்தது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருந்த காலையில், மேகநிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சள் வயல்களைக் கடந்து ஓடின. தரையில் நின்றால் வெயில் மங்கித் தெளிவது மட்டுமே தெரியும். 80 மீட்டர் உயரத்தில் ஒவ்வொரு நிழலுக்கும் விளிம்பும் வடிவமும் இருந்தன. அந்தப் பன்னிரண்டு நொடிகளை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

இருந்தும் மைத்துனரிடம், டைம்லாப்ஸுக்காக மட்டும் என்றால் வாங்க வேண்டாம், நல்ல முக்காலி ஒன்றை வாங்கி மொட்டைமாடியில் கைப்பேசியைப் பொருத்துங்கள் என்றே சொன்னேன். என்னுடையதை விற்கும் எண்ணம் எனக்கு இல்லை.