ஹாம்பர்க்கில் நாலு இரவு: 62ஆம் நம்பர் படகும் நாங்கள் போட்ட பிளானும்

என் வீட்டுக்காரர் ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்குக்கு நாலு தடவை போயிருக்கிறார், ஆனால் ஊரைப் பார்த்ததே இல்லை. கன்டெய்னர் கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டர். கப்பல் கரை பிடித்ததும் மேலே கிரேன் ஓட ஆரம்பிக்கும், கீழே இவருக்கு ரிப்பேர் வேலை குவியும், எல்லாம் முடிந்து தலையைத் தூக்கும்போது கப்பல் கிளம்பியிருக்கும். பத்தாவது கல்யாண நாளுக்கு எங்கே போகலாம் என்று கேட்டபோது மூணாறு, ஊட்டி என்று எதுவும் சொல்லாமல், "அந்த ஊரை ஒரு தடவை வெளியே நின்னு பார்க்கணும்" என்றார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

மே மாதம் போனோம். தடைக்காலம். ஏப்ரல் 15லிருந்து 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, கொழுந்தன் பாம்பனில் வீட்டோடு இருப்பார், அதனால் பிள்ளைகள் இரண்டு பேரையும் அவரிடமும் அத்தையிடமும் விட்டுவிட்டு நிம்மதியாகக் கிளம்ப முடிந்தது. கையில் இருந்தது நாலு இரவு.

முதலில் ராமநாதபுரத்தில் ஒரு டிராவல்ஸில்தான் கேட்டோம். அவர்கள் கொடுத்த பிளானில் அந்த நாலு இரவுக்குள் ஃபிராங்க்ஃபர்ட், ஹைடல்பெர்க், மியூனிக், மலை மேல் இருக்கும் நொய்ஷ்வான்ஸ்டைன் அரண்மனை, பெர்லின், கடைசியில் அரை நாள் ஹாம்பர்க். மியூனிக்கிலிருந்து பெர்லினுக்கு வேகமான ரயிலிலேயே நாலு மணி நேரம் ஆகும். அரை நாளில் துறைமுகத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன், "போட்டோ எடுத்துக்கலாம் மேடம்" என்றார் அங்கிருந்த தம்பி. வேண்டாம் என்று சொன்ன பிறகு நாங்கள் கட்டிய முன்பணம் பிடித்தம் போகத் திரும்பி வர ஆறு வாரம் ஆனது. பணம் போனதுகூடப் பரவாயில்லை, உங்கள் இரண்டு பேருக்கும் என்ன பார்க்க ஆசை என்று ஒரு வார்த்தை கேட்காமலே பிளான் போட்டுவிட்டார்களே என்பதுதான் இன்னும் மனதில் நிற்கிறது.

சரி, நாமே போடுவோம் என்று உட்கார்ந்தோம். ஒரே ஊர், ஒரே ஹோட்டல், ஒரு நாள் மட்டும் வெளியே, லூபெக் என்ற பழைய ஊருக்கு. விசா விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஷெங்கன் விசாவுக்கு (ஜெர்மனி உள்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கும் விசா) ஆளுக்கு 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்சூரன்ஸ், எந்த நாள் எங்கே என்று ஒரு தாள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், நம் ஊரிலிருந்து இதற்காகச் சென்னைக்கு ஒரு நடை போகவேண்டும் என்பதால் சீக்கிரமே ஆரம்பியுங்கள். ஒரே ஊராக இருந்ததால் அந்தத் தாளை எழுதுவதும் சுலபமாக இருந்தது.

இப்போது படகு. லாண்டுங்ஸ்ப்ரூக்கன் என்ற துறையிலிருந்து ஃபிங்கன்வெர்டர் வரை எல்பே ஆற்றில் ஓடும் 62ஆம் நம்பர் படகு டூரிஸ்ட் படகே இல்லை, நம் ஊர் டவுன் பஸ் மாதிரி. பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் எடுக்கும் அதே டிக்கெட்தான் இதற்கும். பகலில் கால் மணிக்கு ஒன்று, ஒரு பக்கம் போக அரை மணி நேரம்கூட ஆகாது. ஐந்து பேர் வரை சேர்ந்து போகிற மாதிரி ஒரு குழு நாள் டிக்கெட் இருக்கிறது, வார நாளில் காலை 9 மணிக்கு மேல் செல்லும், சனி ஞாயிறு நாள் முழுக்கச் செல்லும், கூட யாராவது இருந்தால் அதைப் பாருங்கள். மாதச் சீட்டு ஒன்று உண்டு, நாங்கள் போனபோது 58 யூரோ, 2026 ஜனவரியிலிருந்து 63. அது சந்தா, குறிப்பிட்ட தேதிக்குள் நிறுத்தாவிட்டால் அடுத்த மாதமும் பணம் போகும், நாலு நாளுக்கு எடுக்காதீர்கள்.

மேல் தளத்துக்குப் போய்விடுங்கள். போகும்போது இடது பக்கம் கப்பல் பழுது பார்க்கும் டாக், அப்புறம் கன்டெய்னர் முனையம், வலது பக்கம் நகரம். நாய்மூலன் துறையில் இறங்கினால் பக்கத்திலேயே ஆற்று மணல் கடற்கரை மாதிரி நீண்டு கிடக்கிறது, அதற்கு நேர் எதிரே அந்தக் கிரேன்கள். அங்கேதான் இவர் நின்றுவிட்டார். எந்த இடத்தில் கப்பலைக் கட்டினார்கள் என்று விரலை நீட்டிக் காட்டினார், நாலு தடவையும் நாலு இடம். எனக்கு எல்லாக் கிரேனும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது, ஆனால் பத்து வருஷமாகப் போனில் "துறைமுகத்துல இருக்கோம்" என்று மட்டும் கேட்ட இடம் இதுதான் என்று தெரிந்தபோது மணலில் உட்கார்ந்துவிட்டேன். மே கடைசியில் அங்கே இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் பொழுது சாய்கிறது. அன்றைக்கு மட்டும் அந்தப் படகில் மூன்று தடவை போய் வந்தோம்.

குறையும் சொல்லவேண்டும். சனி ஞாயிறு மதியத்தில் மேல் தளம் நெரிசல், வரிசையில் நின்று ஏறவேண்டும். மே மாதத்திலும் காற்று குத்துகிறது, சால்வை கட்டாயம். அப்புறம் படகு ஏறும் லாண்டுங்ஸ்ப்ரூக்கன் துறையே மிதக்கும் மேடை, கிட்டத்தட்ட 700 மீட்டர் நீளம். கடல் அங்கிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தும் ஆற்றில் ஓதம் மூன்றரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. நம் பக்கம் ஒரு மீட்டர்கூட வராது, அதனால் எனக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. தண்ணீர் வற்றும்போது கரையிலிருந்து மேடைக்கு இறங்கும் பாலம் நல்ல சரிவாகிவிடும். முழங்கால் வலி இருக்கிறவர்கள் தண்ணீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள்.

ஓதம் பார்க்காமல் ஒரு தடவை ஏமாந்தோம். ஷ்பைஷர்ஷ்டாட் என்று சிவப்புச் செங்கல் கிட்டங்கிகள் கால்வாய் ஓரமாக வரிசையாக நிற்கும் இடம், 2015லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அதற்குள் போவோம் என்று சொல்லித்தான் ஒரு தனியார் படகில் டிக்கெட் கொடுத்தார்கள். தண்ணீர் வற்றியிருந்ததால் உள்ளே போகவில்லை, மைக்கில் பேசியது முழுக்க ஜெர்மன். கிளம்பும் முன்னால் சொல்லியிருந்தால் மறுநாள் வந்திருப்போம். அப்புறம் நடந்தே பார்த்தோம், அதுவே நன்றாக இருந்தது.

லாண்டுங்ஸ்ப்ரூக்கன் துறைக்குப் பக்கத்திலேயே ஆற்றுக்கு அடியில் நடந்து போகும் பழைய சுரங்கம் இருக்கிறது. 1911ல் கட்டியது, 426 மீட்டர், நடந்து போக காசு கிடையாது. சுவரில் மீனும் நண்டும் மண்ணில் செய்து மெருகேற்றிப் பதித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். நம் பழைய பாம்பன் ரயில் பாலம் 1914. மூன்று வருஷ இடைவெளியில் அவர்கள் தண்ணீருக்குக் கீழே போயிருக்கிறார்கள், நம் ஊரில் மேலே போயிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஏறி நின்றால் முழு நகரமும் எதிரே தெரியும், இரண்டு பேர் சேர்ந்து படம் எடுக்க அதுதான் இடம்.

ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தை 1703லிருந்து நடக்கிறதாம். கோடையில் காலை 5 மணிக்கு ஆரம்பித்து 9:30க்கு முடித்துவிடுகிறார்கள். கூவி விற்கும் ஆட்களைக் கேட்டதும் பாம்பன் ஏலத்துக்கு வந்தது போலவே இருந்தது, பாஷைதான் வேறு. ஆனால் மீன் வாங்கத்தான் என்று போகாதீர்கள், பழக்கூடையும் பூச்செடியும்தான் அதிகம். ரொட்டிக்குள் மீன் வைத்துத் தருகிறார்கள். உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீன், வேகவைக்காதது, எனக்கு ஒரு கடிக்கு மேல் இறங்கவில்லை. பொரித்த மீன் வைத்தது அருமை.

லூபெக்குக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். ஊர் வாசலில் 1478ல் கட்டி முடித்த ஹோல்ஸ்டன்டோர் என்ற இரட்டைக் கோபுர வாயில், எல்லாரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். நான் நின்றது அதற்குப் பக்கத்தில் ஆற்றோரம் இருக்கும் ஆறு பழைய உப்புக் கிட்டங்கிகளின் முன்னால். லூனபுர்க் என்ற ஊரில் உப்புநீர் ஊற்று. அங்கே காய்ச்சிய உப்பு லூபெக் வந்து, கப்பலேறி, வடக்கே ஹெர்ரிங் பிடிக்கும் கரைகளுக்குப் போயிருக்கிறது. மீனை உப்பில் போட்டு வைக்காவிட்டால் வியாபாரமே இல்லை, அந்த உப்பில்தான் இந்த ஊர் பணக்கார ஊர் ஆனது. உப்பூரில் உப்பளமும் வீட்டு முற்றத்தில் கருவாடும் பார்த்து வளர்ந்தவளுக்கு யாரும் இதை விளக்கவேண்டியதில்லை. பாதாமும் சர்க்கரையும் அரைத்த மார்சிபான் அந்த ஊர் இனிப்பு. கீழக்கரைத் தொதல் சாப்பிட்ட நாக்குக்கு தேங்காய்ப்பால் வாசனை இல்லாதது குறையாகத் தெரியும், ஆனாலும் அத்தைக்கு இரண்டு பெட்டி வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், வாங்குவதையெல்லாம் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.

விமான நிலையத்துக்குத் திரும்பிப் போகும்போது எஸ்1 ரயிலில் முன்னால் இருக்கும் பெட்டிகளில் ஏறுங்கள். ஓல்ஸ்டார்ஃப் நிலையத்தில் ரயிலை இரண்டாகப் பிரிக்கிறார்கள், பின்பாதி வேறு பக்கம் போய்விடும். நாங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தோம், எங்கள் சூட்கேஸ்களைப் பார்த்து ஒரு அம்மா கையைக் காட்டி முன்னால் ஓடச் சொன்னார், அவர் நன்றாக இருக்கவேண்டும்.

அதே எஸ்1 ரயில் மறுபக்கம் வேடல் வரை போகிறது. கடைசி முழு நாளை அதற்குக் கொடுத்தோம். அங்கே ஆற்றோரம் கப்பல்களை வரவேற்கும் இடம் ஒன்று 1952லிருந்து இருக்கிறது. ஹாம்பர்க்குக்கு வரும் பெரிய கப்பல் கடக்கும்போது கொடியைத் தாழ்த்தி, அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கொடி போட்டிருக்கிறதோ அந்த நாட்டுத் தேசிய கீதத்தை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். லைபீரியக் கொடியோடு ஒரு கன்டெய்னர் கப்பல் வந்தது, பாட்டுப் போட்டார்கள், கரையில் இருந்தவர்கள் எழுந்து கையசைத்தார்கள். இவர் கைகட்டி நின்று கேட்டார்.

"எங்க கப்பலும் லைபீரியக் கொடிதான். நாலு தடவையும் இதைப் போட்டிருப்பாங்க. நான் கீழே இன்ஜின் ரூம்ல இருந்தேன்."

எதிர்க் காற்றில் கப்பல் வளைவு திரும்பி மறையும் வரை நின்றோம். அப்புறம் ஆளுக்கு ஒரு காபி வாங்கிக்கொண்டு அடுத்த கப்பலுக்கு உட்கார்ந்தோம்.