தேவதைக் கதை வழி வந்த நாவல்கள்: வகுப்பில் எது நிற்கும்?

உலக இலக்கிய வகுப்புக்குத் தேவதைக் கதையை ஒட்டிய நாவல் ஒன்றே ஒன்று வைக்க இடமிருந்தால், ஜேன் யோலனின் ‘பிரையர் ரோஸ்’ (1992) வையுங்கள். தூங்கும் அழகியின் கதையை நாஜிகளின் ஹெல்ம்னோ கொலைமுகாமோடு சேர்க்கும் நாவல். ஏறக்குறைய 200 பக்கம். மூன்று வாரத்தில் அவசரமில்லாமல் முடிக்கலாம்.

பாட்டி ஜெம்மா பேத்திகளுக்குச் சொல்லும் கதை இடையிடையே துண்டு துண்டாக வருகிறது. அவர் சொல்வதில் ஊரையே ஒரு மூடுபனி விழுங்குகிறது, இளவரசியைத் தவிர மற்றவர்கள் எழுவதில்லை. நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த ஜெர்மானிய கிரிம் சகோதரர்களின் கதையிலோ ராஜா, ராணி, குதிரை, நாய், சுவரில் உட்கார்ந்த ஈ வரை எல்லாமே விழித்துக்கொள்ளும். இந்த வித்தியாசத்தை மாணவர்கள் தாங்களாகவே பிடிக்க வேண்டும். அதற்கு கிரிம் கதையை முதல் வகுப்பிலேயே உரக்கப் படித்துவிடுங்கள். அவர்கள் தொகுப்பின் 1857 பதிப்பில் 50ஆவது கதை, சில பக்கம்தான். இதை விட்டுவிட்டால் டிஸ்னி படத்தை மனதில் வைத்துப் படிப்பார்கள். அந்தப் படத்தில் நூறாண்டுத் தூக்கமும் இல்லை, முட்புதரில் மாட்டிச் சாகும் இளவரசர்களும் இல்லை. முட்புதர் முகாமின் முள்கம்பியாக மாறுவது அவர்களுக்குப் பிடிபடாமலே போய்விடும்.

ஓர் எச்சரிக்கை: சிலர் இதை உண்மை வாக்குமூலம் என்றே நம்பிவிடுகிறார்கள். ஹெல்ம்னோவிலிருந்து உயிரோடு தப்பிய பெண் யாரையும் தனக்குத் தெரியாது என்று யோலனே பின்குறிப்பில் எழுதியிருக்கிறார். நாவல் முடிந்த அதே வகுப்பில் அதைப் படியுங்கள். முன்கூட்டியே கொடுத்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

அடுத்தது, இயோவின் ஐவியின் ‘தி ஸ்னோ சைல்ட்’ (2012). 1920இல் அலாஸ்கா, பிள்ளையில்லாத தம்பதி, இரவில் அவர்கள் பனியில் செய்த பாவை. காலையில் பாவைக்குப் போட்ட கையுறையையும் கழுத்துத்துணியையும் காணோம். காட்டை நோக்கிச் சின்னக் காலடிகள். மூலக்கதை, பனியில் செய்த பெண்குழந்தை உயிர்பெறும் ரஷ்ய நாட்டுப்புறக் கதை; அதற்கு ஆர்தர் ரான்சமின் 1916 ரஷ்யக் கதைத் தொகுப்பே போதும். அந்தச் சிறுமி வரும் காட்சிகளில் மட்டும் பேச்சுக்கு மேற்கோள்குறி இருக்காது. அச்சுப்பிழை என்று நினைத்துக் கடந்துபோவார்கள், விடாதீர்கள். அவள் நிஜமா, இல்லையா என்ற கேள்வியே அந்தக் குறிகளில்தான் இருக்கிறது.

ஹெலன் ஒயெயெமியின் ‘பாய், ஸ்னோ, பேர்ட்’ (2014) முதுகலைக்குப் பொருந்தும். ஸ்னோ ஒயிட்டை 1950களின் அமெரிக்க நிறவெறிக்குள் கொண்டுபோகிறது. இதற்கு கிரிம்மின் 1812 முதல் பதிப்பை மட்டும் கொடுத்துவிடக் கூடாது. அதில் கொல்லத் துடிப்பவள் பெற்ற தாய்; மாற்றாந்தாய் ஆனது பிந்தைய பதிப்பில்தான். மாற்றாந்தாயே கதை சொல்லும் நாவலுக்கு 1857 பதிப்புதான் வேண்டும். கடைசிப் பகுதியில் ஒரு பாத்திரத்தின் பாலின அடையாளம் கையாளப்பட்ட விதம் கடுமையாக விமர்சிக்கப்பட்டது. அதைப் பேச ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள்.

ஏஞ்சலா கார்ட்டரின் ‘தி பிளடி சேம்பர்’ (1979) பல பட்டியல்களில் தென்படும். அது சிறுகதைத் தொகுப்பு. நாவலுக்கு முன்னால் ஒரு கதை கொடுக்கலாம்.

நவோமி நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’ (2018) அருமையான புத்தகம். வட்டிக்குக் கொடுக்கும் யூதரின் மகளை நாயகியாக்கி, வைக்கோலைப் பொன்னாக நூற்கும் குள்ளன் ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் கதைக்குள் ஒளிந்திருக்கும் யூத வெறுப்போடு நேருக்கு நேர் மோதுகிறது. ஆனால் 450 பக்கத்துக்கு மேல். கதைசொல்லிகளும் பலர், யார் பேசுகிறார் என்று தலைப்பில் பெயர் இருக்காது. முதல் 100 பக்கத்துக்கு, பேச்சு மாறும் இடங்களில் ஓரத்தில் பெயர் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ஐந்து வாரம் ஒதுக்க முடியாவிட்டால் பாடத்திட்டத்தில் வைக்காமல், விருப்ப வாசிப்பாகக் கொடுப்பதே மேல்.