ப்ரூஜா, கென்டா? கேமராவுக்கு எந்த ஊர்

பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் பழைய காலத்துத் தெருவைத் தேடும் படக்குழுவுக்கு முதலில் கண்ணில் படும் ஊர்கள் இரண்டு: ப்ரூஜ், கென்ட். இரண்டுக்கும் நடுவே ரயிலில் அரை மணி நேரம்தான். ஆனால் திரையில் ப்ரூஜ் ஸ்டார் என்றால், கென்ட் குணச்சித்திர நடிகர்.

ஸ்டாருக்கு எந்த வேடம் போட்டாலும் முகம் மறையாது. 2008-ல் வந்த ‘இன் ப்ரூஜ்’ படத்தில் லண்டனிலிருந்து வந்து பதுங்கியிருக்கும் இரண்டு கூலிக் கொலையாளிகளில் மூத்தவருக்கு ஊர் பிடித்துப்போகிறது, இளையவருக்கு அது நரகம். மார்க்ட் சதுக்கத்தின் 83 மீட்டர் உயர மணிக்கூண்டும் அதன் 366 படிகளும் இல்லையென்றால் அந்தக் கதையே நகராது. ‘பிகே’ பார்த்தவர்களுக்கும் ஊர் தெரிந்ததுதான். அனுஷ்கா சர்மாவும் சுஷாந்த் சிங்கும் சந்தித்துக் காதலிப்பது இங்கேதான்.

ப்ரூஜ் இப்படி முழுசாக நிற்பதற்கு அதன் வறுமையும் ஒரு காரணம். கடலோடு அதை இணைத்த ஸ்விண் நீர்வழி தூர்ந்துபோனது. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரசியல் குழப்பமும் சேர்ந்துகொள்ள, வணிகம் ஆன்ட்வெர்ப் பக்கம் போய்விட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஊரில் காசில்லை. இன்று நாம் வாய்பிளந்து பார்க்கும் ‘பழமை’யில் கணிசமானது 19-ஆம் நூற்றாண்டில் கோதிக் பாணியில் புதுப்பித்தது என்பது தனிக்கதை. கேமராவுக்கு அதைப் பற்றி என்ன கவலை?

பிபிசி 2013-ல் ஒளிபரப்பிய ‘தி ஒயிட் குயின்’ தொடருக்காக இரண்டு ஊர்களுமே 15-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தாக மாறின. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தொடரின் நாயகனான நான்காம் எட்வர்ட், 1470-ல் அரியணையை இழந்து ஓடிவந்தபோது அவருக்கு இடம் கொடுத்தவர் ப்ரூஜின் பிரபு லூயி டி க்ரூட்ஹூஸ. அந்தப் பிரபுவின் மாளிகை இன்று அருங்காட்சியகம். அவர் அகதியாக வந்து சேர்ந்த ஊரையே அவருடைய நாடாகக் காட்டியிருக்கிறார்கள்! பார்வையாளர்களோ ஜிப்பையும் நவீனக் கைப்பிடிக் கம்பியையும் கண்டுபிடித்துக் கிண்டலடித்தார்கள்.

கென்ட் செத்துப் பிழைத்த ஊர் அல்ல, ஓடிக்கொண்டே இருந்த ஊர். 1180-ல் கட்டிய க்ராவென்ஸ்டேன் கோட்டை பிற்காலத்தில் நீதிமன்றமாகவும் சிறையாகவும் இருந்து, 19-ஆம் நூற்றாண்டில் பஞ்சாலையாகவே மாறியது. இன்று அதன் வாசலை ஒட்டி டிராம் ஓடுகிறது. சரித்திரப் படம் எடுப்பவருக்கு மேலே தொங்கும் மின்கம்பி பெரிய தலைவலி, ஃபிரேமை மாற்ற வேண்டும் அல்லது கிராஃபிக்ஸில் அழிக்க வேண்டும். ஆனால் இன்றைய கதைக்கு அதே கம்பிதான் உயிர். பல்கலைக்கழக மாணவர்கள், ஆலைக் கட்டடங்கள், பார்கள் எல்லாம் கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில்.

இரண்டு போலீஸ் தொடர்களை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ப்ரூஜில் நடக்கும் ‘ஆஸ்ப’வில் பிணம் விழுந்தாலும் பின்னணியில் கால்வாய் அழகு காட்டுகிறது. கென்டின் ‘ஃப்ளிக்கன்’ 1999 முதல் 2009 வரை ஓடியது; அதில் ஊர் வேலைக்குப் போகிற ஊராகவே இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

அதனால் கதையில் ஊரின் பெயரைச் சொல்லப் போகிறீர்கள், அது ஒரு பாத்திரமாகவே வர வேண்டும் என்றால் ப்ரூஜ். வேறு ஊராக நடிக்க வேண்டும், அல்லது இன்றைய வாழ்க்கை வேண்டும் என்றால் கென்ட். கோட்டை மட்டும் வேண்டுமென்றாலும் கென்ட்தான், அந்த விஷயத்தில் ப்ரூஜ் போட்டியிலேயே இல்லை. ப்ரூஜ்தான் என்று முடிவெடுத்தால் விடியற்காலையிலேயே ஷாட்களை முடித்துவிடுங்கள். சேப்ரூஹ துறைமுகத்தில் கப்பல் பயணிகள் இறங்கிவிட்டால், மார்க்ட் சதுக்கத்தில் ட்ரைபாட் வைக்கக்கூட இடம் கிடைக்காது.