வெக்கையில் கழலும் ஓமோன் பட்ச்: யாழ்ப்பாணத்தில் பயன்படுத்தும் ஒருவரின் மதிப்பீடு

மாதவிடாய் நின்ற காலத்தில் வரும் திடீர் வெக்கைக்கும் இரவு வியர்வைக்குமாக வைத்தியர் எழுதித்தந்த, தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரடயோல் (ஈஸ்ட்ரோஜன் வகை ஓமோன்) பட்ச்சை, ஒரு கோடையையும் ஒரு மாரியையும் கடந்து இன்றும் பயன்படுத்தி வருகிறேன். மருந்து என்ற அளவில் அதன்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. அது முழுமையாக ஒட்டியிருக்கும் நாட்களில் இரவில் உறங்க முடிகிறது. வகுப்பறையில் நின்று பாடம் சொல்லும்போது முகம் சிவந்து வியர்வை வழிவதில்லை. குறை அதன் பசையில்தான் இருக்கிறது. எமது வெக்கையிலும் காற்றின் ஈரத்திலும் அந்தப் பசை சொல்லப்பட்ட நாள்வரை நிற்பதில்லை. இதைப் பற்றி எமது பெண்கள் வெளியே பேசுவது குறைவு. பட்ச் கழன்று விழுவதைத் தமது உடம்பின் கோளாறாக எண்ணிச் சிகிச்சையையே கைவிட்ட சிலரை நான் அறிவேன். அவர்களை மனதில் வைத்தே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். ஒரே பசை ஒவ்வொருவர் தோலிலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும் என்பதால் நான் பயன்படுத்தும் பட்ச்சின் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில், அரைகுறையாக ஒட்டியிருக்கும் பட்ச்சை ஏன் பொருட்படுத்த வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்று பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான ஈஸ்ட்ரடயோல் பட்ச்களில் மருந்து தனியாக ஓர் அறையில் அடைக்கப்பட்டிருப்பதில்லை. பசையோடு பசையாகவே கலந்திருக்கிறது. பெட்டியில் 50 என்று போட்டிருந்தால், 24 மணித்தியாலத்தில் ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரடயோல் தோலினூடாக உள்ளே போகும் என்பது அதன் பொருள். அந்தக் கணக்கு, பட்ச்சின் முழுப் பரப்பும் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் போடப்பட்டது. உற்பத்தியாளர்களே பரப்பைக் கூட்டித்தான் மருந்தின் அளவைக் கூட்டுகிறார்கள்: எவோரெல் என்ற தயாரிப்பில் 25 என்றால் 8 சதுர சென்ரிமீற்றர், 50 என்றால் 16, 100 என்றால் 32. ஆகவே ஒரு மூலை கிளம்பி, கால்வாசிப் பரப்பு காற்றில் நிற்கிறதென்றால், அந்தக் கால்வாசியிலிருந்து மருந்து உடம்புக்குள் போகவில்லை. அன்று இரவே வெக்கை எழும்புகிறது, வியர்க்கிறது, அந்த வியர்வை மற்ற மூலைகளையும் கிளப்பிவிடுகிறது. மருந்து குறைவதால் வியர்வையும், வியர்வையால் மருந்துக் குறைவும் என்று ஒன்றையொன்று வளர்க்கும் இந்தச் சுழற்சியை முதல் மூலை கிளம்பும்போதே நிறுத்தினால்தான் உண்டு.

அப்படியானால் குளிசையை விழுங்கிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாயால் எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் ஈரலுக்குச் சென்று, அங்கே இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூட்டிவிடுகிறது; தோல்வழி போவது அந்தச் சுற்றைத் தவிர்க்கிறது. உடற்பருமன் உள்ளவர்களுக்கும் இரத்தக்கட்டி பற்றிய அச்சம் உள்ளவர்களுக்கும் தோல்வழி மருந்தை வைத்தியர்கள் விரும்புவதற்குக் காரணம் இதுவே. கருப்பை அகற்றப்படாதவர்கள் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ரரோன் என்ற இன்னோர் ஓமோனும் எடுக்க வேண்டும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். பட்ச் மட்டும் போதும் என்று எவரும் தாமாக முடிவெடுக்கக் கூடாது.

இனி ஒட்டும் இடம். வயிற்றின் கீழ்ப்பகுதி, இடுப்புக்குக் கீழே புட்டத்தின் மேற்பகுதி, தொடை ஆகியவையே பொதுவாகக் காட்டப்படும் இடங்கள்; மார்பிலும் அதன் அருகிலும் ஒட்டவே கூடாது. எனது அனுபவத்தில், சேலை உடுப்பவர்களுக்கு வயிறு உதவாது. உள்பாவாடை நாடா இறுகும் கோட்டுக்கு இரண்டு விரல் மேலேயோ கீழேயோ ஒட்டினாலும், குனிந்து நிமிரும்போது கொய்யகம் அங்கேயே உரசுகிறது. வயிற்றுத் தோல் இருந்தெழும்பும்போதெல்லாம் மடிகிறது, மடிப்பில் வியர்வை தேங்குகிறது. புட்டத்தின் மேற்பகுதி, கதிரையில் இருக்கும்போது அழுந்தாத உயரத்தில், எல்லாவற்றிலும் நன்றாக நிற்கிறது. அங்கே தோல் அதிகம் மடிவதில்லை. வியர்வையும் ஒப்பளவில் குறைவு. இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை என்று மாற்றி, ஒரே இடத்துக்குத் திரும்ப ஒரு கிழமையாவது இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் தோல் சிவந்து கடிக்கத் தொடங்கும், கடிக்கும் தோலில் எந்தப் பசையும் நிற்காது. பட்ச் எடுத்த இடத்தில் ஒரு நாள் சிவப்பு இருப்பது வழமை. அது பல நாட்கள் மாறாமல் நின்றாலோ கொப்புளித்தாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

பட்ச்சோடு வரும் கையேட்டில் ஒட்டும் இடம் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும், எண்ணெய், கிறீம், பவுடர் எதுவும் பட்டிருக்கக் கூடாது என்று ஒரே வசனத்தில் எழுதியிருப்பார்கள். எமது ஊரில் அந்த ஒரு வசனத்தைக் கடைப்பிடிப்பதற்குக் கிழமையின் ஒழுங்கையே சற்று மாற்ற வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகும் பழக்கம் உள்ள வீடு எங்களுடையது. தலையில் வைத்த எண்ணெய் முதுகுவழியாக இடுப்புக்கு இறங்கும். அரப்புப் போட்டுத் தேய்த்தாலும் மெல்லிய படலம் ஒன்று தோலில் நிற்கும். முழுகிய அன்று புதுப் பட்ச் ஒட்டினால் அது மறுநாள் தாண்டுவதே அரிது. வாரத்துக்கு இரு முறை மாற்றும் வகை என்றால் மாற்றும் நாட்களை ஞாயிறும் புதனும் என்று வைத்துக்கொள்ளலாம்: வெள்ளி முழுக்குக்கும் ஞாயிறு ஒட்டுதலுக்கும் இடையில் சாதாரணக் குளிப்புகள் வந்து எண்ணெய் போய்விடும். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பட்ச்சில் எண்ணெய் படாதபடி, முழுகும் நாளில் எண்ணெயைத் தலையோடும் தோளோடும் நிறுத்திவிடுகிறேன். குளித்தபின் இடுப்பைச் சுற்றிப் பவுடர் தூவும் பழக்கமும் இந்தச் சிகிச்சையோடு ஒத்துவராது.

கிணற்று நீரையும் கவனிக்க வேண்டும். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லினூடாக வருவதால் கனமானது. சவர்க்காரம் நுரைக்காமல், வெள்ளைப் படிவாகத் தோலில் தங்கிவிடும். அந்தப் படிவு பசைக்கும் தோலுக்கும் இடையே நிற்கிறது. ஒட்டப்போகும் இடத்தை மட்டும் கொதித்தாறிய நீரில் நனைத்த துணியால் இரண்டு தரம் துடைத்து, உலர்ந்த துவாயால் ஒற்றி, பின்னர் மின்விசிறியின் கீழ் கால் மணித்தியாலமாவது காத்திருப்பது எனக்குப் பெரிய வேறுபாட்டைத் தந்தது. குளித்த சூடு தணியுமுன் ஒட்டினால், உடம்பு உள்ளிருந்து வியர்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே காலைக் குளிப்போடு ஒட்டுவதை விட்டு, இரவு படுக்கைக்குப் போகுமுன் ஒட்டுகிறேன். முதல் சில மணித்தியாலங்கள் அசைவின்றி, சமையலறைச் சூடின்றிக் கிடைப்பது பசை பிடிப்பதற்கு உதவுகிறது. ஒட்டியதும் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கும் 10 செக்கன் என்பது குறைந்தபட்ச அளவே. நான் அதைவிட நீண்ட நேரம் அழுத்தி, கடைசியில் விளிம்பு முழுவதையும் விரலால் சுற்றித் தேய்த்துவிடுகிறேன்.

இவ்வளவும் செய்தும் சித்திரை, வைகாசி மாதங்களில், சோளகம் எழும்புவதற்கு முந்திய அந்த இறுக்கமான வெக்கையில், பட்ச் தனியாக நிற்காது. நல்லூர்த் திருவிழா நாட்களில் பட்டுச் சேலையோடு வெளிவீதி சுற்றி வந்தாலும் அதே கதைதான். அப்போது மேலதிகப் பிடிமானம் வேண்டும். ஆஸ்பத்திரி வீதிப் பக்கத்துப் பாமசிகளில் கிடைக்கும் மூன்று வகைப் பொருட்களைப் பயன்படுத்திப் பார்த்தேன். மைக்ரோபோர் என்ற பெயரில் பலரும் அறிந்த கடதாசி ரேப் மலிவானது, தோலுக்கு மென்மையானது. ஆனால் ஈரம் பட்டால் ஓரங்கள் சுருண்டுவிடும் என்பதால் ஒவ்வொரு குளிப்புக்குப் பிறகும் மாற்ற வேண்டும். புண்களுக்கு ஒட்டும் கண்ணாடி போன்ற மெல்லிய ஒளிபுகு படலம் தண்ணீரை நன்றாகத் தாங்குகிறது. எனினும் அதன் கீழே என் தோல் அவிந்து கடித்தது. எடுக்கும்போது பட்ச்சையும் சேர்த்து இழுத்து வந்தது. மூன்றாவது, துணி போன்று இழுபடும் வெள்ளை நிற ஒட்டு ரோல். வெட்டுக்காயத்தின் மேல் பஞ்சை நிறுத்துவதற்குப் பயன்படுத்துவார்களே, அது. உடம்போடு சேர்ந்து அசைவதால் உரிந்து வருவதில்லை, வியர்வையும் அதனூடாக ஆவியாகிப் போகிறது. எனது தெரிவு இதுவே. ஒரு ரோல் பல மாதங்களுக்குப் போதுமானது என்பதால் செலவும் பெரிதல்ல.

இதை எப்படி ஒட்டுவது என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர் பாமசியில் நின்ற இளம் மருந்தாளர் ஒருவர். "ரீச்சர், சுத்திவர விளிம்பை மட்டும் பிடிச்சு ஒட்டுங்கோ, முழுக்க மூடாதேங்கோ" என்று சொல்லி, ஒரு கடதாசித் துண்டைப் பட்ச்சாக வைத்துப் படத்துக்குச் சட்டம் போடுவது போல நான்கு பக்கமும் ஒட்டிக் காட்டினார். பாதி ரேப் பட்ச்சின் விளிம்பிலும் பாதி தோலிலும் இருக்க வேண்டும், மூலைகளை வட்டமாக வெட்டிவிட வேண்டும் என்பவை அவர் சேர்த்துச் சொன்னவை. முழுவதும் மூடினால் உள்ளே சூடும் ஈரமும் கூடி, மருந்து உறிஞ்சப்படும் அளவு மாறக்கூடும் என்று அவர் தந்த காரணம் எனக்கு நியாயமாகப்பட்டது. பெண்கள் இப்படியொரு மருந்தைப் பற்றிக் கேட்கும்போது குரலைத் தாழ்த்தாமல், பின்னால் வரிசையில் நிற்பவர்களைக் காட்டி அவசரப்படுத்தாமல் விளக்கிய அந்தப் பண்புக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதே வீதியில் இன்னொரு கடையில், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்பது போன்ற பார்வையையும் நான் கண்டிருக்கிறேன்.

முழுவதும் கழன்று விழுந்துவிட்டால் புதியதொன்றை ஒட்ட வேண்டும். ஆனால் அடுத்த மாற்றத்தைப் பழைய அட்டவணைப்படி அதே நாளிலேயே செய்ய வேண்டும். ஞாயிறு ஒட்டியது செவ்வாய் விழுந்தால், செவ்வாய் புதிது, புதன் வழமைபோல இன்னொன்று. வீணாகப் போகிறதே என்று தோன்றும். வாரம் இரண்டாக மாற்றும் வகையில் 8 பட்ச் கொண்ட பெட்டி 28 நாட்களுக்கானது என்பதால், ஒன்று விழுந்தாலே மாதக் கடைசியில் இடைவெளி வந்துவிடும். ஆகவே வைத்தியரிடம் இதைச் சொல்லி, மருந்துச்சீட்டில் கொஞ்சம் கூடுதலாக எழுதித் தரும்படி கேட்பதில் தவறில்லை. கழன்றதைப் பிளாஸ்ரரால் மூடி மீண்டும் ஒட்டிச் சமாளிப்பது, பசை காய்ந்து தூசி படிந்த பின் பயன் தராது. பசையின் எச்சம் தோலில் கறுத்து நின்றால் அதற்குத் தேங்காயெண்ணெய் போதும், பழைய இடத்தில் மட்டும். கழற்றிய பட்ச்சிலும் ஓமோன் மிச்சம் இருக்கும். பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைகளும் வீட்டு விலங்குகளும் எடுக்காத இடத்தில் குப்பையோடு சேர்க்க வேண்டும். மலசலகூடத்தில் போடக் கூடாது.

எவ்வளவு செய்தும் நிற்காத தோல் உண்டு. அத்தகையவர்கள் வைத்தியரிடம் இரண்டு மாற்றுகளைப் பற்றிக் கேட்கலாம். ஒன்று, சிறிய பட்ச்: எஸ்ட்ராடொட் என்ற தயாரிப்பில் 50 மைக்ரோகிராம் பட்ச்சின் பரப்பு 5 சதுர சென்ரிமீற்றர் மட்டுமே. பரப்புச் சிறிதானால் மடிப்பில் சிக்கும் விளிம்பும் சிறிதாகும். மற்றது, தோலில் நாளாந்தம் தடவும் ஈஸ்ட்ரடயோல் ஜெல். கழன்று விழும் கவலை அதில் இல்லை. ஆனால் காயும் வரை காத்திருக்க வேண்டும், ஒரு மணித்தியாலமாவது அந்த இடத்தைக் கழுவக் கூடாது, பேரப்பிள்ளைகளைத் தூக்குமுன் தடவிய இடத்தை ஆடையால் மூட வேண்டும். ஜெல்லில் மதுசாரம் இருப்பதால் காயுமுன் அடுப்புக்கோ சாமி விளக்குக்கோ அருகில் போவதும் ஆபத்து. எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் தமது பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் முதலில் பேசலாம். இரத்த அழுத்தமும் மார்பும் அங்கேயே பரிசோதிக்கப்படும்.

எனக்கு வரும் பட்ச்கள் மருந்துச்சீட்டின்படி வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவருபவை. இப்படிப் பெறுபவர்கள் வைப்பிலும் கவனம் கொள்ள வேண்டும். பெட்டியில் 25 பாகைக்கு மேல் வைக்க வேண்டாம் என்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பகலில் அந்த வெப்பநிலை வீட்டுக்குள் கிடைப்பது அரிது. நான் அவற்றை உறை பிரிக்காமல், வெயில் படாத வடக்குப் பக்க அறையில், சீமெந்து நிலத்தை ஒட்டிய அலுமாரித் தட்டில் வைக்கிறேன். ஓட்டுக்குக் கீழேயுள்ள மேல்தட்டில் வைத்தவற்றின் பசை இளகி உறையோடு ஒட்டிக்கொண்டது. கொண்டுவருபவரிடம் அவற்றைக் கைப்பொதியில் வைக்கும்படியும், கொழும்பிலிருந்து வரும் வாகனத்தின் பின்பெட்டியில் போடாமல் தம்மோடு வைத்துக்கொள்ளும்படியும், வாங்கும்போதே காலாவதித் திகதியைப் பார்க்கும்படியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.